யாழ்ப்பாணத்தில் நாயோடு பூங்காவுக்குப் போவது: எந்த இடம், எந்த நேரம், என்ன கவனம்

கேட்டவர் கொழும்பிலிருந்து மாற்றலாகி யாழ்ப்பாணம் வந்திருக்கிறார். சுண்டிக்குளிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள், வளவு இல்லை. இரண்டு வயது லாப்ரடோர் ஒன்று கூடவே வந்திருக்கிறது. அவர் கேட்பது இவ்வளவுதான்: நாயோடு நடந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர நகருக்குள் எந்தப் பூங்கா நல்லது? என்னென்ன கவனிக்க வேண்டும்? திரும்பும் வழியில் எங்காவது தேத்தண்ணி குடிக்கலாமா? "நாய்க்கு எதற்குப் பூங்கா?" என்று மாமி சிரிக்கிறாராம், அதற்கும் ஒரு பதில் வேண்டுமாம்.

முதலில் நேரடிப் பதில். முற்றவெளி, விடியற்காலை ஆறு மணி. அங்கே ஏதாவது நிகழ்ச்சி இருந்தால் பண்ணைக் கடற்கரை. வெயில் கடுமையான மாதங்களில் மர நிழலுக்காகப் பழைய பூங்கா. இந்த மூன்றும் கைக்குள் இருந்தால் யாழ் நகரத்தில் ஒரு நாய்க்கு வேறு குறையே இல்லை. ஆனால் இங்கே இடத்தைவிட நேரம் முக்கியம். ஒரே முற்றவெளி விடிய ஆறுக்கு ஒரு ஊர், பின்னேரம் ஆறுக்கு இன்னொரு ஊர்.

மாமி சிரிப்பதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் நாய் என்றால் வளவுக்குள் இருப்பது. கேற்றில் "நாய் கவனம்" பலகை, உள்ளே சங்கிலியில் ஒரு ஜிம்மியோ ரைகரோ. பகலில் வேலியோரம் படுத்திருக்கும், இரவில் அவிழ்த்து விடுவார்கள். அரைப் பரப்பு, ஒரு பரப்பு என்று நிலமும் மாமரமும் கிணற்றடியும் இருந்த வீட்டில் நாய்க்கு நடை தேவைப்படவில்லை. வேலியோரமே அதற்கு உலகம். இப்போது நகரத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன, வேலிகள் மதிலாகிவிட்டன, கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடப்பவர்களையும் பரவலாகப் பார்க்கலாம். ஆனால் நாய்களுக்கென்று ஒதுக்கிய பூங்கா இங்கே இல்லை. இருக்கிற எல்லாமே மனிதர்களுக்காக, அதிலும் பெரும்பாலும் பிள்ளைகளுக்காகச் செய்தவை. நாங்கள் அங்கே விருந்தாளிகள். அதை ஏற்றுக்கொண்டால் மற்ற எல்லாம் சுலபம்.

சரி, இடங்கள்.

முற்றவெளி என்பது யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் பரந்து கிடக்கும் திறந்த வெளி. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த காலத்துக் கோட்டை அது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பிறகு ஐந்து மூலையுள்ள இன்றைய வடிவத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். சுற்றிவர அகழி. கோட்டையிலிருந்து சுடும்போது எதுவும் மறைக்கக்கூடாது என்பதற்காக முன்னால் கட்டடம் எதுவும் எழும்ப விடாமல் வைத்திருந்த வெளி, இப்போது எங்கள் நாய்களுக்கு வாய்த்திருக்கிறது. ஒரு பக்கம் முனியப்பர் கோயில், இன்னொரு பக்கம் துரையப்பா விளையாட்டரங்கு, வீரசிங்கம் மண்டபம், பொது நூலகம், கொஞ்சம் தள்ளி மணிக்கூட்டுக் கோபுரம். நாயோடு போகிறவருக்கு இந்த இடத்தின் பெரிய வசதி பார்வை தூரம். யார் வருகிறார்கள், எந்த நாய் எங்கே படுத்திருக்கிறது, மாடு எங்கே மேய்கிறது என்பதெல்லாம் நூறு மீற்றருக்கு முன்னாலேயே தெரியும். மதில்களுக்கு நடுவில் உள்ள ஒழுங்கையில் திடீரென்று ஒரு நாய் பாய்வதைப் போன்ற அதிர்ச்சி இங்கே இல்லை.

இரண்டு இடத்தில் மட்டும் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். ஒன்று முனியப்பர் கோயில் சுற்றாடல். விடியவே அருச்சனைக்கு வருகிறவர்கள் குளித்து முழுகி வருகிறார்கள், ஈரமூக்கு ஒன்று வேட்டியில் படுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள். மற்றது 1974 ஜனவரியில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். ஆண் நாய்க்குத் தூண் எதைக் கண்டாலும் கால் தூக்கத் தோன்றும். அந்தப் பக்கம் போகாமல் திருப்பிக்கொண்டு வருவது உங்கள் பொறுப்பு. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் தவறினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

கோட்டைக்குள்ளே கூட்டிப் போவதைப் பற்றி நினைக்க வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம். கொத்தளத்தின் மேல் கைப்பிடி இல்லாத விளிம்புகள் இருக்கின்றன, லாப்ரடோர் காகத்தைக் கண்டால் விளிம்பைப் பார்க்காது. அகழியோரத்துப் பற்றைகளும் வேண்டாம். எங்கள் குடாநாட்டில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் சாதாரணம். அந்தி நேரத்தில் பற்றைக்குள் மூக்கை நுழைக்கும் நாய் முகத்தில்தான் கடி வாங்கும்.

பண்ணை வேறு வகை இன்பம். கோட்டைக்குப் பின்னால், தீவுப் பகுதிக்குப் போகும் பண்ணைப் பாலத்தடி. கடல் என்கிறோம், உண்மையில் களப்பு. அலை இல்லை, ஆழமும் கரையோரத்தில் இல்லை. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகக் காற்று அள்ளி வீசும்போது, நகருக்குள் புழுங்கினாலும் இங்கே நின்றால் உடம்பு ஆறும். நாய்க்கு அந்தக் காற்றில் வரும் மணம் ஒரு பத்திரிகையே. மீன், சேறு, கடற்பாசி, வலை எல்லாம் வரும். எங்கள் நாய் ஊர்ச்சாதி, தண்ணீரைக் கண்டால் பின்வாங்கும். உங்களுடையது லாப்ரடோர் என்பதால் எதிர்மாறாக இருக்கும். கண்டவுடன் பாயும். பாய விடாதீர்கள். கரையில் உடைந்த போத்தல், தூண்டில் முள், அறுந்த நைலோன் வலை, சிப்பி ஓடு எல்லாம் கிடக்கும். பாதத்தில் வெட்டினால் அந்தச் சேற்றில் காயம் ஆறுவது பெரும்பாடு. உப்புத் தண்ணீர் குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும். எப்படியாவது இறங்கிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் துவாயால் ஒற்றி விடுங்கள். ஆண்டு இறுதியை ஒட்டி வெளிநாட்டுப் பறவைகள் களப்புக்கு வரும் காலத்தில், அவை நிற்கும் பக்கம் நாயைக் கொண்டுபோக வேண்டாம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இரை தேடும் பறவையை எழுப்பி விரட்டுவது விளையாட்டு இல்லை.

பழைய பூங்கா உங்களுக்குக் கிட்ட. மாவட்டச் செயலகத்தடியில், கண்டி வீதியில். வெள்ளைக்காரர் காலத்தில் வடக்கில் அரசாங்க அதிபராக முப்பது வருடங்களுக்கு மேல் இருந்து, 1867இல் இறந்த பெர்சிவல் டைக் வசித்த வளவு அது. அவர் மரம் நட்டு வளர்த்த ஆள். அந்தக் காலத்து வாசஸ்தலத்தின் இடிபாடும் பெருமரங்களும் இன்றைக்கும் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் நிழல் என்பது காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் என்பது சித்திரையில் ஒரு நடை போனால் விளங்கும். உள்ளே போகுமுன் வாசலில் உள்ள அறிவித்தலை வாசியுங்கள், காவலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணை, நாயோட கொஞ்சம் நடக்கலாமோ, ஓரமா நடந்திட்டுப் போயிடுவம்" என்று கேட்டால் இங்கே பெரும்பாலும் மரியாதையான பதில் கிடைக்கும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். வாதாட வேண்டாம், வெளியே மதிலோரம் இருக்கும் நிழலில் நடந்துவிட்டு வாருங்கள். உள்ளே அணிலும் கீரியும் இருக்கும். கீரியைத் துரத்த விடாதீர்கள். விசர்நோய் நாயில் மட்டும் இருப்பதில்லை, இலங்கையில் கீரிகளிலும் கண்டிருக்கிறார்கள்.

சுப்பிரமணியம் பூங்கா பிள்ளைகளுக்கானது. ஊஞ்சல், சறுக்கு, சத்தம். அங்கே நாயைக் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்லூர்ச் சங்கிலியன் பூங்கா பெயரால் பெரியது, நாய் நடைக்கு அவ்வளவு தோதில்லை. அதோடு நல்லூர்க் கந்தன் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் அந்தச் சுற்றுவட்டாரம் பக்கமே நாயோடு போக வேண்டாம். வீதிகளை மறித்திருப்பார்கள், சனம் வெறுங்காலோடு நடக்கும், ஒலிபெருக்கியும் மேளமும் நாய்க்குப் பெரும் தொல்லை. ஆரியகுளம் நடைபாதை வடிவானது, ஆனால் சின்னது, சுற்றிவர வாகனம். அவசரத்துக்கு ஒரு சுற்று என்றால் சரி.

இனி நேரம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதன் முக்கியமான குளிரூட்டல். பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், அதனால் பெரிய பயன் இல்லை. காற்றில் ஈரம் கூடிய நாளில் மூச்சிரைத்தும் சூடு இறங்காது. யாழ்ப்பாணம் கடலால் சூழ்ந்த இடம் என்பதால் வெயில் இல்லாத மப்பு நாளில்கூட இந்தப் பிரச்சினை வரும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் ஆபத்து. லாப்ரடோரின் குணம் என்னவென்றால், எசமான் பந்தெறிந்தால் விழும்வரை ஓடும். "களைத்தால் தானே நிற்கும்" என்று நினைக்க வேண்டாம், அது நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இதைவிடப் பாதி வெயிலே அதிகம்.

நடைமுறையில் விடிய ஐந்தே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில் போய் வந்துவிடுங்கள். மாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் எட்டு மணி வெயிலே சுடும். பின்னேரம் சூரியன் இறங்கினாலும் தார் ரோட்டுச் சூடு இறங்காது. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. முற்றவெளியின் புல்தரை ஆறியிருக்கும், அதற்குப் போகும் ரோட்டுத்தான் எரிக்கும். சுண்டிக்குளியிலிருந்து அங்கே போக ஒரு ஓட்டோ பிடித்தால் என்ன? வழக்கமான ஓட்டோக்காரர் ஒருவரைப் பழக்கிக்கொண்டு, சீற்றில் விரிக்க ஒரு பழைய பெட்ஷீட்டும் கொண்டுபோனால் அவருக்கும் முகம் சுளிக்காது.

சூடு பிடித்துவிட்டால் எப்படித் தெரியும்? மூச்சிரைப்பு சத்தமாக, நிற்காமல் வரும். எச்சில் கோழை மாதிரித் தடிக்கும், பல்முரசு கடும் சிவப்பாகும், நடை தள்ளாடும். நிழலுக்குக் கொண்டுபோய், கைவசமுள்ள சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம், கழுத்து எல்லாம் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துவாயை மேலே போர்த்தி மூட வேண்டாம், சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். வாயைத் திறந்து தண்ணீர் பருக்க வேண்டாம், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். அப்படியே மிருக வைத்தியரிடம் போங்கள். எழும்பி வாலாட்டினாலும் போங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

மழைக்காலம் வேறு கதை. ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசெம்பர் வரை வாடைக்காற்றோடு பெய்யும் மழையில்தான் எங்கள் வருட மழையின் பெரும்பங்கு வருகிறது. முற்றவெளியில் தண்ணீர் தேங்கும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்ச்சேதமே நேர்ந்தது. அந்தக் கிருமி எலியின் சிறுநீரால் வெள்ளத்தில் கலக்கும், நாய்க்கும் வரும், நாயிடமிருந்து எங்களுக்கும் வரலாம். தேங்கிய தண்ணீரில் நடக்கவோ குடிக்கவோ விடாதீர்கள். வருடாந்தத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேட்டுப் போடுவது நல்லது.

நாய் நடையின் இன்பம் எதில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. விறுவிறு என்று மூன்று சுற்று இழுத்துக்கொண்டு போவது எங்கள் உடற்பயிற்சி, நாய்க்கு அது பாதித் தண்டனை. மனித மூக்கில் மணத்தை உணரும் கலங்கள் ஐம்பது அறுபது இலட்சம் இருக்கும் என்பார்கள், நாய்க்கு அது பல கோடி. முற்றவெளியில் ஒரு வேப்பமரத்தடியை அது ஐந்து நிமிடம் மணந்துகொண்டு நின்றால், நேற்று எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா, சுகமா சுகவீனமா என்பதை எல்லாம் படிக்கிறது. நிற்க விடுங்கள். அரை மணித்தியாலம் மணந்து திரிந்த நாய் வீட்டுக்கு வந்து படுத்து நித்திரை கொள்ளும். அதே அரை மணித்தியாலம் இழுத்து நடத்திய நாய், வந்து உங்கள் செருப்பைக் கடிக்கும். மாடி வீட்டு நாய்க்கு இது மருந்து. மாமிக்குச் சொல்லக்கூடிய பதிலும் இதுதான்: வளவுள்ள வீட்டு நாய் வேலியோரம் நாள் முழுக்கச் செய்கிற வேலையை, வளவில்லாத இந்த நாய் முற்றவெளியில் ஒரு மணித்தியாலத்தில் செய்துவிட்டு வருகிறது. வைரவர் வாகனத்தைக் கொஞ்சம் உலாக் கூட்டிப் போகிறோம் என்றும் சொல்லிப் பார்க்கலாம், மாமிமாரிடம் இது சில வேளை எடுபடும்.

இதற்கு ஆறடிக் கயிறு போதாது. ரோட்டுக்கு ஆறடி, புல்வெளிக்கு வந்ததும் பதினைந்து இருபது அடி நீளமுள்ள சாதாரண நைலோன் கயிறு. கழுத்துப் பட்டியில் கட்டாமல் நெஞ்சுப் பட்டியில் கட்டுங்கள், ஓடிக் கயிறு முடியும்போது கழுத்து முறியாது. பொத்தானை அமுக்க நீளும் அந்த விலை கூடிய கயிற்றை வாங்க வேண்டாம். மெல்லிய நாடா கையை வெட்டும், சைக்கிளில் வருகிறவர் கண்ணுக்கும் தெரியாது. அவிழ்த்து விடுவது பற்றி ஒரே பதில்தான்: வேண்டாம். கூப்பிட்டவுடன் வரும் நாயாக இருந்தாலும், பக்கத்தில் பண்ணை ரோட்டில் பஸ்கள் பறக்கின்றன.

கட்டாக்காலி நாய்களைப் பற்றிப் பயந்து பலர் நடையையே விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு தேவை இல்லை, ஆனால் அவற்றின் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு, பெரும்பாலும் சாப்பாடு கிடைக்கும் இடத்தை ஒட்டி. தள்ளுவண்டிக் கடைகள் நிற்கும் பக்கம் பின்னேரம் அவற்றின் இராச்சியம். விடிய அவை களைத்துப் படுத்திருக்கும், அதுவும் காலையில் போவதற்கு ஒரு காரணம். தூரத்தில் கண்டதும் நேரே போகாமல் வளைந்து ஒதுங்குங்கள். உங்கள் கயிற்றை இறுக்கி இழுக்காதீர்கள், இறுகிய கயிறு உங்கள் நாய்க்கு "ஏதோ ஆபத்து" என்று சொல்கிறது, அது குரைக்கத் தொடங்கும். ஓட வேண்டாம். ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கம் எறிந்துவிட்டு மற்றப் பக்கத்தால் நடப்பது பெரும்பாலும் போதும். கையில் குடை இருந்தால் அவற்றை நோக்கிப் பட்டென்று விரித்தால் நிற்கும். குனிந்து கல்லெடுப்பது போலப் பாவனை செய்தாலே யாழ்ப்பாணத்து நாய்கள் ஓடும், பாவம், அந்த அளவுக்குக் கல்லடி பட்டவை. உண்மையில் எறிய வேண்டாம். கால ஓட்டத்தில் அவை உங்கள் நாயை அறிந்துகொள்ளும், தலையைக்கூடத் தூக்காமல் கிடக்கும்.

கடி ஏதும் நேர்ந்தால், உங்களுக்கோ வேறு யாருக்குமோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே போதனா வைத்தியசாலைக்கு. கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வைக்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். விசர்நோய் அறிகுறி தொடங்கிய பிறகு காப்பாற்றுவது அரிது, அதற்கு முன் தடுப்பது சுலபம். உங்கள் நாய் கடிபட்டாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும், வைத்தியரிடம் காட்டுங்கள். வருடத்துக்கொரு தரம் விசர்நோய்த் தடுப்பூசியும் மாநகர சபைப் பதிவும் சட்டப்படி தேவையானவை. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இலும் நாய்ப் பதிவுச் சட்டம் 1901இலும் வந்தவை, பலர் மறந்துவிட்டார்கள் என்பதற்காக இல்லாமல் போகவில்லை. தடுப்பூசிக் கார்ட்டை ஒரு படமெடுத்து போனில் வைத்திருங்கள். பூங்காவில் யாராவது சண்டைக்கு வந்தால் அதைவிட நல்ல பதில் இல்லை.

உண்ணி. புல்லில் நடக்கும் எல்லா நாய்க்கும் வரும், யாழ்ப்பாணத்து வெப்பத்தில் வருடம் முழுக்க வரும். வீட்டுக்கு வந்ததும் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டிக்குக் கீழே, வால் அடியில் கைவிட்டுப் பாருங்கள். கண்டதைச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெய் பூச வேண்டாம். மாதாந்தம் கொடுக்கும் மெல்லும் குளிசை மலிவில்லை, ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஆகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. நாய் சோர்ந்து, சாப்பிடாமல், முரசு வெளிறி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அடுத்த நாள் வரை பொறுக்காதீர்கள்.

மனிதர்களோடு பழகுவதில் எனக்கு ஒரே ஒரு விதி. "ஒன்றும் செய்யாது, பயப்பிடாதேங்கோ" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். பயப்படுகிறவருக்கு அது பதில் இல்லை. கயிற்றைச் சுருக்கி, நாயை உங்கள் மற்றப் பக்கத்துக்கு மாற்றி, வழியை விட்டு நில்லுங்கள். காலையில் முற்றவெளியில் நடக்கும் வயதானவர்கள் பலர் ஒருமுறையாவது நாய்க்கடி வாங்கி வயிற்றில் ஊசி போட்ட காலத்து ஆட்கள், அந்தப் பயம் நியாயமானது. நகரில் முஸ்லிம் குடும்பங்களும் நடைக்கு வருகிறார்கள். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியது அவர்களுக்கு, ஆகவே தூரம் விடுங்கள். பிள்ளைகள் தொட ஆசைப்பட்டால் நாயை இருக்கச் சொல்லிவிட்டு, தலையில் இல்லாமல் நெஞ்சிலோ தோளிலோ தடவச் சொல்லிக் கொடுங்கள். இப்படி ஒரு பெடியன் பழகிவிட்டால், அடுத்த கிழமை அவன் தெருநாய்க்குக் கல்லெறியமாட்டான்.

கழிவை அள்ளுங்கள். இங்கே யாரும் அள்ளுவதில்லை, மாடும் போடுகிறது, நாய் போட்டால் என்ன என்று கேட்பார்கள். நாய்க் கழிவில் கொக்கிப்புழு முட்டை இருக்கும், மணலுக்குள் குஞ்சு பொரித்து வெறுங்காலில் ஏறும். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலில் விளையாடுகிற வெளி அது. இரண்டு சொப்பிங் பாக், ஒன்றுக்குள் ஒன்று. குப்பைத்தொட்டி காணாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தரையில் கிடப்பதைத் தின்பதுதான் லாப்ரடோரோடு உங்களுக்கு வரப்போகும் பெரிய சண்டை. பண்ணையில் சோளப்பொத்தி கிடக்கும். தின்றபின் எறிந்த சக்கை குடலில் அடைத்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் கொட்டையும் அப்படியே. கோழி எலும்பு, கொத்து ரொட்டி மிச்சம், சொக்கலேட், உலர்ந்த முந்திரிகை (திராட்சை வற்றல்) எதுவும் கூடாது. கச்சான் உப்பில்லாமல் இரண்டு விழுந்தால் பரவாயில்லை. வாய்க்குள் போனதைப் பிடுங்கப் போராடுவதைவிட "விடு" என்ற சொல்லுக்கு வீட்டிலேயே பழக்குங்கள். சாதாரண பிஸ்கட்டைக் கீழே வைத்து, விட்டால் அவித்த கோழித் துண்டு. நல்ல பேரம் என்று தெரிந்தால் லாப்ரடோர் கெதியாகப் படிக்கும்.

கடைசியாகத் தேத்தண்ணி. நாயோடு உள்ளே போய் உட்காரும் கடையை நகருக்குள் எதிர்பார்க்க வேண்டாம், சாப்பாட்டுக் கடைக்குள் நாய் வருவதை மற்ற வாடிக்கையாளர்கள் விரும்புவதும் இல்லை. இருவராகப் போனால் ஒருவர் நாயோடு வெளியே நிற்க, மற்றவர் வாங்கி வரலாம். தனியே போனால் ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள், நாய்க்கு வீட்டுத் தண்ணீர் ஒரு போத்தலும் ஒரு சில்வர் கிண்ணமும். பண்ணையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் வாங்கு ஒன்றில் விடிய ஆறரைக்கு உட்கார்ந்தால், அரை மணித்தியாலத்துக்கு யாரும் எழுப்பமாட்டார்கள். நாய் உங்கள் வடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கூடாது, வடையில் ஒரு துண்டும் கொடுக்காதீர்கள். தேத்தண்ணியும் வேண்டாம்.